கழுவக் கூடாத சட்டை

பளிச்சு என்று ஊரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ளும் ஆள் இல்லை அவர். சலவைக்கடைக்கு யார் எந்தக் கறையைக் கொண்டுவந்தாலும், "விடுங்க, பளிச்சுனு ஆக்கிடலாம்" என்று முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மை, துரு, கிரீஸ், காபி, எதுவானாலும் அவரிடம் ஒரு வழி இருந்தது. சண்டை நடந்த வருடங்களில் ரத்தக்கறை நிறைய வந்தது. அதற்கு மட்டும் எப்படி ஆயிற்று என்று அவர் கேட்டதில்லை. ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீரில்தான் முதலில் ஊறவைக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் அவரிடம் கற்றுக்கொள்ளாத வீடே தெருவில் கிடையாது.

கடையின் பின்சுவரில் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அதில் ஏழு உருப்படிகள் தொங்கின. ஒரு கோட்டு, மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு பள்ளிக்கூடச் சீருடை. சண்டை நாட்களில் வெளுக்கப் போட்டவர்கள் திரும்ப வாங்க வரவே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பளிச்சு அவற்றை இறக்கித் தூசி தட்டி, மறுபடி தேய்த்து மாட்டுவார்.

"வராதவங்க துணிக்கு மடிப்புக் கலையாம பாத்துக்கிறீங்க. கட்டினவ துணி கசங்கிக் கிடக்கு," என்பாள் மனைவி.

"நீதான் தினமும் வந்து நிக்கிறியே, உனக்கு என்ன அவசரம்," என்பார் இவர்.

அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் கலைக்காரம்மாவுக்கு யோசனை பிறந்தது. அவள் வெளியூர்க்காரி. போரைப் பற்றி ஊர் ஊராகப் போய்க் கண்காட்சி வைக்கிறவள். கோட்டில் காபி கொட்டிவிட்டதென்று கடைக்குள் நுழைந்தவள், கோட்டை மேசைமேல் போட்டுவிட்டு அந்த ஏழு உருப்படிகளையும் பார்த்தபடி நின்றுவிட்டாள். யாருடையது என்று கேட்டாள். பளிச்சு சொன்னார். மறுநாள் கடை திறக்கும்முன்பே வாசலில் நின்றாள். காணாமற்போனவர்கள் வீடு ஒவ்வொன்றிலும் ஓர் உருப்படி வாங்குவது, பளிச்சு அதை வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பது, மூடிக் கிடக்கும் பழைய சினிமாக் கொட்டகையில் நீளமாகக் கம்பி கட்டி அத்தனையையும் வரிசையாகத் தொங்கவிடுவது. ஆள் வந்தால் அப்படியே போட்டுக்கொண்டு போகலாம் என்பதுபோல. பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள். 'நாளை வாங்கிக்கொள்ளவும்.'

"இது உங்க யோசனைண்ணா. நான் சும்மா எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான்," என்றாள்.

மனசாரத்தான் சொன்னாள், பொய் இல்லை. ஆனால் முப்பது வருடம் அடுத்தவன் அழுக்கோடு மல்லுக்கட்டியவனிடம் போய் நீயும் கலைஞன் என்றால் அவனுக்குத் தலை கால் புரியுமா? பளிச்சுக்குப் புரியவில்லை. அன்று மாலையே வீடு வீடாக அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அரசாங்கத்தில் அனுமதியும் சுலபமாகக் கிடைத்தது. ஆளைக் கொண்டுபோய் எங்கே வைத்தீர்கள் என்று ஒன்பது வருடமாகக் கேட்டவர்களுக்கு வாய் திறக்காதவர்கள், துணியைத் தொங்கவிட்டுக்கொள்கிறோம் என்றதும் மூன்றே நாளில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

நாற்பத்திரண்டு வீடுகள் கொடுத்தன. நாற்பத்து மூன்றாவது, பளிச்சின் சொந்தத் தங்கை வீடு.

தங்கை இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவள். போன வீட்டில் நாலு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அவளுடைய ஆட்கள் முதல் சண்டையில் எந்தத் திசைக்கு ஓடினார்களோ, இன்றுவரை தகவல் இல்லை. தங்கைக்குத் தன் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாற்றாந்தாய் என்ன கொடுமை செய்யப்போகிறாளோ என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அவள் ஒரு கொடுமையும் செய்யவில்லை, வளர்த்தாள். அம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தாள். அவன் கடைசிவரை சின்னம்மா என்றுதான் கூப்பிட்டான். பிறகு புருஷனும் ஒரு குண்டில் போனான். எடுத்து அடக்கம் செய்ய அவன் உடம்பில் எதுவும் மிஞ்சவில்லை. அவன் பக்கத்திலும் உறவென்று யாரும் இல்லை. அதற்கப்புறம் அவளுக்குப் பையன், பையனுக்கு அவள். அண்ணன் ஒருத்தர் இருந்தார், அவ்வளவுதான் உறவு.

பையன் பத்தொன்பது வயதில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்து, போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். விடிந்ததும் துப்பாக்கிக்காரர்கள் வந்து, விசாரித்துவிட்டு விட்டுவிடுகிறோம் என்று பனியனோடு கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது வருடமாகிறது, இன்னும் விசாரித்து முடியவில்லை.

அந்த வீடும் பிறகு எரிந்தது. தப்பி ஓடும்போது தங்கை கையில் எடுத்தது ஆணியில் கிடந்த அந்தச் சட்டையைத்தான். அவன் சீப்பு, பல் தேய்க்கும் பிரஷ், ஒரு நோட்டுப் புத்தகம், எதுவும் மிச்சமில்லை. சட்டையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூன்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு தடவை, அவன் பிறந்த நாளன்று, முடிச்சை அவிழ்த்துக் காலரில் மூக்கை வைத்து ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டு உடனே கட்டிவிடுவாள். அடிக்கடி திறந்தால் வாசம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு.

அவள் யாரிடமும் பெரிதாக எதையும் கேட்கவில்லை. இருக்கிறானா, இல்லையா, அது ஒன்றுதான்.

"செத்துட்டான்னு சொல்லட்டும், ஒரு மூச்சு அழுதுட்டு எழுந்திருக்கிறேன். இருக்கான்னு சொல்லட்டும், காத்திருக்கிறேன். ரெண்டும் இல்லாம நடுவுல தொங்க முடியல அண்ணா," என்பாள்.

சட்டையைக் கண்காட்சிக்குக் கொடுக்க அவளுக்கு மனமே இல்லை. பளிச்சுதான் கரைத்தார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்க்க வருகிறார்கள், பத்திரிகையில் போடுவார்கள், எவனாவது ஒருத்தன் இந்தச் சட்டைக்காரனை இங்கே பார்த்தேன் என்று சொல்ல மாட்டானா என்றார். மூன்று நாள் யோசித்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"கழுவக் கூடாது. தூசிகூடத் தட்டாத. அப்படியே மாட்டு."

"சரிம்மா."

"தலைய ஆட்டாத அண்ணா, வாயத் திறந்து சொல்லு."

"கழுவல. போதுமா?"

அப்படித்தான் சொன்னார். சொல்லும்போது அதுதான் அவர் எண்ணமும்.

மறுநாள் கலைக்காரம்மா வந்து பார்த்தாள். சட்டை மேசைமேல் விரிந்து கிடந்தது. வெள்ளை பழுப்பேறியிருந்தது. காலரின் உள்விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு, அக்குளில் மஞ்சள், கைமடிப்பில் அச்சு மை. அவள் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"இது இப்படியே அழுக்காவே இருக்கட்டும்ணா. நாப்பத்திரண்டு சுத்தமான துணிக்கு நடுவுல ஒண்ணு மட்டும் இப்படி இருந்தா, பாக்கறவங்க அங்கயே நின்னுடுவாங்க. இன்னும் நல்லா வரும்."

அந்த 'இன்னும் நல்லா வரும்' பளிச்சுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் போன பிறகும் காதிலேயே நின்றது. பெரிய மனிதர்கள் வரிசையாக வருவார்கள், பையனின் கழுத்து அழுக்கைக் குனிந்து பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். மாமன் சலவைக்கடை வைத்திருக்கிறான், ஊரான் துணியெல்லாம் வெள்ளைவெளேரென்று தொங்குகிறது, மருமகன் சட்டை மட்டும் காலர் கறுத்துக் கிடக்கிறது என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவன் அப்படி அழுக்கோடு திரிகிற பையனா? வாரத்துக்கு இரண்டு தடவை மாமா கடையில் தேய்த்துப் போட்டுக்கொண்டு திரிந்தவன். அவனை ஊர் பார்க்கப்போவது இந்த ஒரு தடவைதான். அழுக்குச் சட்டையோடு அவனை எப்படி ஊர்முன் நிறுத்துவது?

வேறொரு தொழில்காரனாக இருந்தால் கை போயிருக்காது. ஒரு தச்சனோ கணக்குப்பிள்ளையோ அந்தச் சட்டையை அப்படியே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவர் பளிச்சு. முப்பது வருடத்தில் அவர் கடையிலிருந்து அழுக்கோடு ஓர் உருப்படி வெளியே போனதில்லை. காலரை மட்டும் லேசாக, என்று ஆரம்பித்தார். காலர் வெளுத்ததும் மற்ற இடமெல்லாம் இன்னும் அழுக்காகத் தெரிந்தது. அப்புறம் அவர் நிறுத்தவில்லை. அவ்வளவு அன்போடு வாழ்க்கையில் அவர் வேறு எந்தத் துணியையும் வெளுத்ததில்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்றாம் நாள் சட்டை கம்பியில் ஏறியபோது அவர் மனைவி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? அவகிட்ட சொன்னீங்களா?"

"சொல்றேன். பாத்தா அவளுக்கே பிடிச்சிடும்."

சொல்லவில்லை. இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போய்த் திறப்பு நாளும் வந்துவிட்டது.

கொட்டகை நிரம்பி வழிந்தது. நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு, திரை இருந்த இடத்திலிருந்து வாசல்வரை மூன்று வரிசைக் கம்பி கட்டியிருந்தார்கள். நாடாவை வெட்டியவர் சண்டைக் காலத்தில் இதே ஊரில் பெரிய அதிகாரியாக இருந்தவர். "இப்படி ஒரு துயரம் இனி யாருக்கும் நேரக் கூடாது," என்று பேசிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் நேரச் செய்தது என்று மட்டும் அவருக்கு நினைவு வரவில்லை. கலைக்காரம்மா பளிச்சைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். புதுச் சட்டை போட்டிருந்த பளிச்சுக்குக் காது சூடாயிற்று.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் தங்கை மூன்றாவது வரிசையில் தன் சட்டையைக் கண்டுபிடித்தாள். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி, சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, காலரில் மூக்கை வைத்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு அக்குளில், பிறகு கைமடிப்பில். பக்கத்தில் நின்ற யாரோ அதைப் படம் எடுத்தார்கள். அவள் திரும்பி, கூட்டத்தில் அண்ணனைத் தேடினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிட்டே வந்தாள்.

"கஞ்சி வாசம் வருது," என்றாள்.

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சும் நின்றது.

அது அதோடு முடிந்திருந்தால், ஒரு பாசக்காரத் தங்கையின் கோபம் என்று காலம் ஆற்றியிருக்கும். மூன்றே வாரத்தில், பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் கட்டடம் கட்டக் குழி தோண்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். உள்ளே முப்பத்தொரு பேர். கை பின்னால் கட்டப்பட்டபடி.

வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்தாள். எலும்பு டாக்டர் என்று ஊரில் சொன்னார்கள். காணாமற்போனவர்களின் குடும்பங்கள் எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகியிருந்தது கண்காட்சிக் கொட்டகையில்தான் என்பதால், அவள் அங்கேயே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். பளிச்சு அவளுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முழங்கால் வலி நாலு மாதமாக விடவில்லை என்று ஆரம்பித்தார்.

"உயிரோட இருக்கறவங்கள நான் பாக்கறதில்லைங்க ஐயா," என்றாள் அவள், மரியாதையாகவே.

கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவல், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. ரத்த சொந்தத்தின் எச்சிலை எலும்போடு ஒப்பிட்டால் யார் யாரென்று தெரிந்துவிடும். தாய்மார், தகப்பன்மார், அண்ணன் தம்பிகள் என்று வரிசை வாசல்வரை நின்றது. தங்கையும் நின்றாள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவள் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வந்திருக்கிறாள். பளிச்சு சற்றுத் தள்ளித் தூணோரம் நின்றார்.

"என்ன உறவும்மா?" என்று கேட்டாள் டாக்டர்.

"சின்னம்மா."

"பெத்த அம்மா தங்கச்சியா?"

"இல்லம்மா. அவங்கப்பாவுக்கு ரெண்டாவதா வந்தவ. நான்தான் வளத்தேன்."

டாக்டர் பிரித்த குச்சியைத் திரும்ப உறைக்குள் வைத்தாள். "உங்க எச்சில் உதவாதும்மா. அவரோட ரத்த சொந்தம் யாராவது?"

"யாரும் இல்ல."

"அவர் பயன்படுத்தினது ஏதாவது? பிரஷ், சீப்பு, கழுவாத துணி..."

"இருக்கு!" என்றாள் தங்கை. குரல் அப்படி ஏறியதை ஒன்பது வருடத்தில் பளிச்சு கேட்டதில்லை. "சட்டை இருக்கும்மா! முந்தின நாள் பூரா போட்டிருந்தது. நான் கழுவவே..."

அங்கேயே நின்றுவிட்டாள். மெதுவாகத் திரும்பித் தூணைப் பார்த்தாள். வரிசையில் நின்ற எல்லோரும் அவள் பார்த்த பக்கம் பார்த்தார்கள்.

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்பார்களே, அது வெறும் பேச்சு. அது பிளக்காது. மேசைவரை நடந்துதான் போக வேண்டும். போனார்.

"என்ன பண்ணீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க ஐயா," என்றாள் டாக்டர், பேனாவை எடுத்து.

"முதல்ல சோப்புக் குழம்பு தடவி பிரஷ் போட்டேன். காலர், கைமடிப்பு, அக்குள்."

"அப்புறம்?"

"கறை தின்கிற பவுடர்ல ஒரு நாள் பூரா ஊற வெச்சேன்."

"அப்புறம்?"

"ப்ளீச். அரை மணி நேரம். பழுப்புப் போகலன்னு இன்னொரு அரை மணி."

"தண்ணி?"

"கொதிக்கக் கொதிக்க. மூணு தண்ணி அலசினேன். அப்புறம் நீலம், கஞ்சி, வெயில். ஆவி இஸ்திரி, ரெண்டு பக்கமும்."

வேறு நாளாக இருந்தால் இதையெல்லாம் கேட்கிறவர் அசந்துபோகும்படி விஸ்தாரமாகச் சொல்லியிருப்பார். டாக்டர் ஒவ்வொன்றாக எழுதினாள். எழுதி முடித்துவிட்டுத் தங்கையைப் பார்த்துச் சொன்னாள்: "காலருக்கு உள்ள, தையல் மடிப்புக்குள்ள சில சமயம் கொஞ்சம் தங்கியிருக்கும்மா. அங்க பாக்கலாம்."

தங்கையின் முகம் நிமிர்ந்தது. பளிச்சு மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"காலரைப் பிரிச்சிட்டேங்க. விளிம்பு நைஞ்சிருந்துச்சு. பிரிச்சு, உள்துணியத் தனியா வெளுத்து, காலரத் திருப்பி வெச்சுத் தெச்சேன்."

பேனா நின்றது.

"நீங்க ரொம்ப நல்ல வேலைக்காரர் ஐயா," என்றாள் டாக்டர். குத்தலாகச் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் சொன்ன வார்த்தைதான். அடித்திருந்தால்கூடப் பளிச்சுக்கு அப்படி வலித்திருக்காது.

இருந்தாலும் பார்க்கிறேன் என்று அவள் சட்டையை எடுத்துக்கொண்டு போனாள். கம்பியில் வெறும் கொக்கி மட்டும் தொங்கியது. கலைக்காரம்மா வந்து பார்த்து ஓவென்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, அந்தக் கொக்கி அப்படியே இருக்கட்டும் என்றாள். மறுநாளிலிருந்து கண்காட்சிக்கு வந்தவர்கள் நாற்பத்திரண்டு துணிகளையும் தாண்டிப்போய் அந்த வெறும் கொக்கியைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். பத்திரிகை ஒன்றில் முதல் பக்கத்திலேயே வந்தது. பளிச்சு அந்தப் பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து அடுப்பில் போட்டார்.

முடிவுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. இரும்புக்கடைக்காரர் மகன், தையற்காரி புருஷன், பள்ளிக்கூட வாத்தியார். பெட்டி வாங்கிய வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்கும்போது தங்கை வாசலில் வந்து நிற்பாள். அவள் அவர்களைப் பார்த்து இரக்கப்படவில்லை. பொறாமைப்பட்டாள். அழுவதற்குக்கூட அதிர்ஷ்டம் வேண்டியிருக்கிற ஊராகிவிட்டது அது.

ஒரு நாள் முற்பகல், பளிச்சு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது அவளே கடைக்குள் ஓடிவந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"அண்ணா! போன் வந்துச்சு. சட்டையில கிடைச்சிருக்காம்! ஆம்பளையோட அடையாளம்னு தெளிவா சொன்னாங்க. ஒரே ஆளோடதாம், கலப்பே இல்லையாம்."

"வேற என்ன சொன்னாங்க?"

"துணியத் தொட்டவங்களோடதான்னு முதல்ல பாக்கணுமாம், நீயும் வந்து எச்சில் குடுக்கணுமாம். அது சும்மா ஒரு வழக்கம். அண்ணா, எங்க கிடைச்சுது தெரியுமா? காலர் தையல்ல! நீ அவ்வளவு வெளுத்தும் போகல பாரு. பிடிவாதக்காரன்ல அவன்!"

சிரித்தாள். கண்ணீரோடு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன ரொம்ப வதைச்சிட்டேன் அண்ணா, மனசுல வெச்சுக்காத," என்றாள்.

பளிச்சு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். காலரைத் தைத்தது அவர். கண் மங்கலால் ஊசியில் நூல் நுழையாமல், நூல் முனையை வாயில் வைத்து வைத்து நனைத்துக் கோத்தது அவர். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தது அவர். வெளுத்த பிறகு தைத்த தையல் அது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. ஒருவேளை அவனுடையதாகவும் இருக்கலாம் அல்லவா, உள்துணியின் ஓரத்தில் ப்ளீச் படாத ஒரு நூலில், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சலவைக்காரனுக்குத் தெரியாதா, ப்ளீச் படாத நூல் ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை என்று? மறுநாள் போய் வாயைத் திறந்து குச்சிக்குக் கன்னத்தைக் காட்டிவிட்டு வந்தார்.

அடுத்த பன்னிரண்டு நாட்கள் தங்கை தினமும் வந்தாள். அண்ணியோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவனை எங்கே அடக்கம் செய்யலாம், கல்லில் என்ன எழுதலாம் என்று கேட்டாள். சின்னம்மா என்று எழுதினால் பார்க்கிறவர்களுக்குப் புரியுமா, அம்மா என்றே எழுதிவிடலாமா என்று கேட்டாள். "எழுதும்மா," என்றார் பளிச்சு. ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு மணியும் அவளை இன்னும் ஒரு படி மேலே ஏற்றிவிடுகிறது, விழும்போது அவ்வளவு உயரத்திலிருந்து விழுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பதின்மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். நகராட்சிக் கிடங்கு ஒன்றைத்தான் டாக்டர் அலுவலகமாக வைத்திருந்தாள். இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"சட்டையில கிடைச்சது உங்க அண்ணனோடதும்மா."

தங்கை தலையை ஆட்டினாள். புரிந்ததா என்று தெரியவில்லை.

"அப்ப பையனோடது?"

"எதுவும் இல்லம்மா."

"அப்ப அந்தக் குழியில அவன் இல்ல, அப்படித்தான?"

"அது தெரியாதும்மா. இருபத்தாறு பேர் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அஞ்சு பேர் மிச்சம். அதுல அவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"எப்ப தெரியும்?"

டாக்டர் எதிரிலிருந்த தாளை மடித்து வைத்தாள். தங்கை அந்த ஐந்து பேரையும் பார்க்க முடியுமா என்று கேட்டாள். உள்ளறையில் நீளமான மேசைமேல் ஐந்து அட்டைப்பெட்டிகள், எண் ஒட்டி வரிசையாக இருந்தன. தங்கை ஒவ்வொரு பெட்டியின் மூடிமேலும் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். முதல் பெட்டியில் ஆடவில்லை. இரண்டாவதிலும் ஆடவில்லை. ஐந்து முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து வந்தாள். மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது டாக்டர் அவள் தோளைத் தொட்டாள்.

"பெத்திருந்தா தெரிஞ்சிருக்குமோ என்னவோ," என்றாள் தங்கை, யாரிடம் என்றில்லாமல்.

"அப்படி எல்லாம் யாருக்கும் தெரியாதும்மா," என்றாள் டாக்டர். தங்கை நம்பவில்லை.

வெளி அறையில் குமாஸ்தா, பழுப்பு உறை ஒன்றை மேசைமேல் வைத்தான். உள்ளே சட்டை. அரக்கு வைத்து மூடி, மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. பரிசோதனை முடிந்த பொருளை அடையாளம் யாருடையதோ அவரிடமோ அவர் வாரிசிடமோதான் கொடுக்க வேண்டும் என்பது விதியாம். தாளில் 'உரியவர்' என்ற இடத்துக்கு நேரே பளிச்சின் முழுப் பெயரும் அச்சாகியிருந்தது.

"இது தப்பு தம்பி," என்றார் பளிச்சு. "இவங்க பேரு போடுங்க. இவங்கதான் குடுத்தது. இது இவங்க பையனோட சட்டை."

"பரிசோதனையில அப்படி வரலைங்களே ஐயா. வந்ததத்தான் நான் போட முடியும். இங்க ஒரு கையெழுத்து."

"நான் போட மாட்டேன்."

அவன் பேனாவை நீட்டியபடியே இருந்தான். பளிச்சு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தங்கை அதுவரை தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுத்தெழுத்தாக. பிறகு உறையை எடுத்து, அண்ணனின் கைகளைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து, அதில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. யார் வீட்டுப் பொருளையோ தவறுதலாக இத்தனை வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவள்போல வைத்தாள்.

"வாங்கிக்கோ அண்ணா. இதுல நீதான் இருக்க."